பெரிய உடம்பு, பயந்த சுபாவம்: டிஸ்கஸ், ஊவாரு, ஆல்டம் வளர்க்க முழுமையான வழிகாட்டி

டிஸ்கஸ், ஊவாரு, ஆல்டம் மூன்றும் சிக்லிட் என்னும் மீன் குடும்பம். சிக்லிட் என்றதும் பலருக்கு ஆஸ்கர் மீன்தான் நினைவுக்கு வரும். கையைக் கொத்தும், செடியைப் பிடுங்கிப் போடும், போட்டதையெல்லாம் தின்னும், தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் டிஸ்கஸ் வாங்குகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே மனம் உடைந்துபோகிறார்கள். உள்ளங்கையை விடப் பெரிதாக வளர்கிற மீன்தான். ஆனால் கதவைப் படாரென்று சாத்தினால் போதும், மூலையில் ஒடுங்கிக் கறுத்து நிற்கும்.

இத்தனை வருடம் இந்த மீன்களோடு இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தால் இவை பழகிக்கொள்ளும். அந்த மாற்றம் ஒரே நாளில் வந்தால் தாங்காது. கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அந்தத் திடீர் மாற்றத்தைத் தடுப்பதற்காகத்தான்.

எந்த மீன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப்படுகையின் மீன். 15 முதல் 20 செ.மீ. வரை வளரும், 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் 6.5 முதல் 7.5 வரை எந்த பி.எச்.சிலும் நன்றாக இருக்கும். ஆற்றில் பிடித்த ஹெக்கல் டிஸ்கஸ் அப்படியில்லை, மிக மென்மையான அமிலத் தண்ணீர் கேட்கும். உடம்பின் நடுவில் தடித்த கறுப்புப் பட்டை ஓடும் மீன் அது. ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் 1840-இல் டிஸ்கஸை விவரித்தார். அதே ஆண்டில் அவர் விவரித்த இன்னொரு மீன்தான் ஊவாரு.

ஊவாரு 25 செ.மீ. தாண்டும். குட்டியில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்து, பெரிதானதும் பக்கவாட்டில் பெரிய கறுப்புத் திட்டோடு நிற்கும். தாவரம் தின்னும் மீன். செடி வைத்த தொட்டியில் விட்டால் ஒரு வாரத்தில் குச்சிதான் மிஞ்சும். ஆல்டம் ஏஞ்சல் ஓரினோகோ, மேல் ரியோ நெக்ரோ பகுதிகளில் வாழ்வது. மேல் துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த் துடுப்பின் நுனி வரை 30 செ.மீ.க்கு மேல் போகும் என்பதால் உயரமான தொட்டி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

டாங்கனிக்கா ஏரியின் ஃப்ரொன்டோசாவும் பெரியது, பயந்தது. ஆனால் அதற்கு 8-க்கு மேல் பி.எச்., கடினமான தண்ணீர், 25 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இவற்றோடு ஒரே தொட்டியில் ஒருபோதும் சேராது.

முதல் முறை என்றால், தொட்டியில் பிறந்த டிஸ்கஸ், 8 முதல் 10 செ.மீ. அளவில், ஐந்து ஆறு வாங்குங்கள். இதைவிடச் சின்னக் குட்டிகளுக்கு ஒரு நாளில் நான்கைந்து வேளை தீனியும் அதற்கேற்ற தண்ணீர் மாற்றமும் வேண்டும், புதியவருக்குச் சிரமம். ஒன்றோ இரண்டோ மட்டும் வாங்காதீர்கள். இவை கூட்டத்தில் வாழ்கிறவை. இரண்டே இருந்தால் ஒன்று மற்றொன்றைத் துரத்தியே ஒழித்துவிடும். ஆறு இருந்தால் அந்த அடி ஆறாகப் பிரிந்துபோகும்.

தொட்டியும் அதன் இடமும்

ஆறு டிஸ்கஸுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் நல்ல அளவு. விளிம்பு வரை நிரப்பினால் 432 லிட்டர். ஊவாரு கூட்டத்துக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். தண்ணீரே நானூறு கிலோவுக்கு மேல், அதோடு கண்ணாடி, மணல், மரக்கட்டை, ஸ்டாண்ட் என்று அரை டன்னைத் தாண்டிவிடும். மாடியில் வைப்பதானால் கட்டடம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு, சுவரை ஒட்டி வையுங்கள்.

கதவுக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம். நேர் வெயிலும் படக்கூடாது. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் அடர் நிறத் தாளால் மூடிவிடுங்கள். தொட்டியின் உயரம் முக்கியம். ஆற்றில் இந்த மீன்களுக்கு ஆபத்து மேலிருந்துதான் வரும், பறவை வடிவில். தாழ்வான ஸ்டாண்டில் வைத்தால் நீங்கள் நடந்து வரும்போதெல்லாம் அந்தப் பறவை நீங்கள்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கு நேராக மீன் வர வேண்டும். என் தொட்டியை ஒரு சாண் உயர்த்தி வைத்த பிறகுதான், ஒளிந்தே கிடந்த ஒரு டிஸ்கஸ் முன்கண்ணாடிக்கு வந்து நின்றது.

அடியில் மெல்லிய மணல் இரண்டு மூன்று செ.மீ. போதும். வளரும் குட்டிகள் என்றால் மணலே வேண்டாம், வெறும் கண்ணாடி சுத்தம் செய்ய எளிது. கூர்மையான கல் வேண்டவே வேண்டாம். பயந்து பாயும்போது இவை எதையும் பார்க்காது, கண்ணில் அடிபட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று மரக்கட்டைகளை நெட்டாக நிற்க வைத்து, நடுவில் நீந்த இடம் விடுங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும். முழு இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போட்டால் எல்லாம் கண்ணாடியில் மோதும். அறை விளக்கை முதலில் போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

ஃபில்டர், ஹீட்டர், மின்சாரம்

தொட்டிக் கொள்ளளவைப் போல மணிக்கு ஐந்து மடங்கு ஓட்டக்கூடிய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்), அதோடு ஒரு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். இரண்டும் தனித்தனியாக ஓடுவது நல்லது, ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். டிஸ்கஸ் உடம்பு தட்டை, ஓட்டம் பலமாக இருந்தால் எதிர்த்து நீந்தியே களைத்துவிடும். தண்ணீர் விழும் குழாயைக் கண்ணாடிப் பக்கமோ மேற்பரப்புப் பக்கமோ திருப்பி வையுங்கள்.

ஏர் ஸ்டோன் கட்டாயம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் மூச்சுத் தேவையோ சூட்டோடு கூடுகிறது.

ஹீட்டர் ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் வாங்குங்கள். ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம், பாதிப் பாதியாக இரண்டு வையுங்கள். ஹீட்டர் கெடும்போது சில நேரம் அணையாமல் மாட்டிக்கொள்ளும். அப்போது சின்ன ஹீட்டரால் தொட்டியைச் சீக்கிரம் கொதிக்க வைக்க முடியாது, நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். தெர்மாமீட்டர் தனியாக வேண்டும், ஹீட்டரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

வயர் எல்லாம் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், சொட்டும் தண்ணீர் வளைவிலேயே விழுந்துவிடும். மின்கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். கரண்ட் பல மணி நேரம் போயிருந்தால், வந்ததும் கேனிஸ்டரை அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் அழுகியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, மீடியாவை (ஃபில்டருக்குள் நிரப்பிய பொருட்களை) தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மீனுக்கு முன் பாக்டீரியா

மீன் வெளிவிடும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், வேறு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதைத் தண்ணீர் மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலேயே இதைச் செய்யுங்கள். வாசனையும் சோப்பும் கலக்காத சுத்த அம்மோனியா கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்து, தினம் டெஸ்ட் செய்யுங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் இல்லாமல் நைட்ரைட்டும் இல்லாமல் தீர்ந்தால் ஃபில்டர் தயார். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி நாளில் முடியும். கடைசியில் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் மீன்.

இந்தக் காத்திருப்பில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். தயவுசெய்து காத்திருங்கள். ஆஸ்கர் தாங்கும் நைட்ரைட்டை டிஸ்கஸ் தாங்காது.

தண்ணீர் வேதியியல்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அதிகம் தீங்கு இல்லாதது. மற்றது செவுளை எரிக்கும் அம்மோனியா வாயு. எது எவ்வளவு என்பதை பி.எச்.தான் தீர்மானிக்கிறது. 28 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட விஷ உருவத்தில் இருக்காது. அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஆறுக்கு மேல். ஒரு புள்ளி ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்கு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் ஊவாரு தொட்டியில் மரக்கட்டை நிறைய, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை (பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிக்கும் தன்மை) குறைவு. இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காகத் தீனி போட்டார்கள், தண்ணீர் மாற்றவில்லை. பி.எச். மெல்ல இறங்கி 6-க்குக் கீழே போயிருக்கிறது. அந்த நிலையில் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிவிடும். அம்மோனியம் சேர்ந்துகொண்டே போனது, ஆனால் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் தின்றன. திரும்பி வந்ததும் அழுக்கைப் பார்த்து மனம் பொறுக்காமல் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினேன். குழாய்த் தண்ணீர் பி.எச். 7.8. சாயங்காலத்துக்குள் ஐந்தும் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நின்றன. செவுள் ஓரம் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. பெரிய இரண்டும் இரவு தாண்டவில்லை. அழுக்குத் தண்ணீரில் உயிரோடு இருந்தவை, நான் சுத்தம் செய்ததால் செத்தன. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் சொல்கிறேன். வாரம் ஒருமுறை பி.எச்.சோடு கார்பனேட் கடினத்தன்மையையும் அளந்துவிடுங்கள். தொட்டியில் பிறந்த மீன்களுக்கு அந்தக் கடினத்தன்மை 3, 4 டிகிரிக்கு (இது சூட்டின் டிகிரி அல்ல) கீழே போகாமல் இருந்தால் பி.எச். சரியாது. நீண்ட நாள் கவனிக்காத தொட்டியை எதிர்கொண்டால், முதலில் அம்மோனியாவையும் பி.எச்.சையும் பாருங்கள். அம்மோனியா இருந்து பி.எச். தாழ்ந்திருந்தால், அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் (தண்ணீரைச் சீராக்கும் மருந்து) போட்டுவிட்டு, பத்துப் பத்து சதவீதமாக நாலைந்து நாளில் மாற்றுங்கள்.

பி.எச்.சை இறக்கும் பாட்டில் மருந்துகளை நான் தொடுவதில்லை. காலையில் இறக்கும், இரவில் ஏறிவிடும். மென்மையான தண்ணீர் வேண்டுமானால் ஆர்.ஓ. தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் எப்போதும் ஒரே விகிதத்தில் கலந்து பயன்படுத்துங்கள். நாட்டு வாதுமை இலை போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன்கள் நிம்மதியாக இருக்கும். பி.எச்.சில் அது பெரிதாக எதுவும் செய்யாது, குறிப்பாகக் கடினமான தண்ணீரில்.

மீன் வாங்கும் நாள்

கடையில் மீனைத் தனியாகப் பார்க்காதீர்கள், அது தின்பதைப் பாருங்கள். உங்கள் கண்ணெதிரில் தீனி போடச் சொல்லுங்கள். முன்னுக்கு வந்து தின்பது நல்ல அடையாளம். கண் உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். உடம்பு சின்னதாகி கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி நின்றுபோன மீன். நேர் எதிரில் நின்று நெற்றியைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிப்போய்க் கத்தி போலத் தெரிந்தால் நாள்பட்ட பட்டினி. இரண்டு செவுளும் அசைய வேண்டும். ஒன்றை இறுக்கி மூடி மற்றதில் மட்டும் மூச்சு விட்டால் செவுளில் புழு இருக்கலாம். வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினால் வாங்காதீர்கள். விற்பவரின் தண்ணீரின் பி.எச்., டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), சூடு மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் 100 லிட்டர் தனிமைத் தொட்டி, பாக்டீரியா குடியேறிப் பழுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு, விற்பவரின் அளவுகளுக்கு நெருக்கமான தண்ணீரோடு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஏன் என்றால், மேலே சொன்ன அதே வேதியியல் பைக்குள்ளும் நடக்கிறது. நீண்ட பயணத்தில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு பையின் பி.எச்.சை இறக்கும், அம்மோனியம் சேரும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியம் விஷமாக மாறும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது அந்த விஷத்தில் மீனை ஊற வைப்பதுதான். மூடிய பையைத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமன் செய்யுங்கள். பிறகு திறந்ததும் மீனை எடுத்து உடனே விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு அன்று முழுக்க விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலும் பதற வேண்டாம். சில டிஸ்கஸ் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கிடக்கும், செத்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விளக்கை அணைத்தபடியே விட்டால் பெரும்பாலும் தானே எழுந்துவிடும்.

தனிமைத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம். அங்கிருந்த வலை, குழாய், வாளி எதுவும் பெரிய தொட்டிப் பக்கம் போகக்கூடாது. முடிவில் பெரிய தொட்டியின் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து தனிமைத் தொட்டியில் சேர்த்து, மீனை ஒரு வாரத்தில் பழக்கிவிட்டு மாற்றுங்கள்.

தீனி

பெரிய மீனுக்கு இரண்டு மூன்று வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. டிஸ்கஸுக்கு நல்ல குருணைத் தீனியை அடிப்படையாக வைத்து, உறைந்த பிளட்வோர்ம், உப்புநீர் இறால் அவ்வப்போது கொடுங்கள். மாட்டு இதயத் தீனி குட்டியை வேகமாக வளர்க்கும் என்பது உண்மைதான். அது தண்ணீரை நாசம் செய்யும் வேகம் தெரிந்த பிறகு நான் விட்டுவிட்டேன். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, வேண்டாம். ஊவாருவுக்கு ஸ்பைருலினா குருணை, லேசாக வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு. உயிருள்ள சின்ன மீனைப் போடுவது எந்தச் சிக்லிட்டுக்கும் நல்லதில்லை, நோயை நாமே வாங்கிப் போடுகிறோம்.

தண்ணீர் மாற்றம்

வளர்ந்த மீன்கள் என்றால் வாரம் 30 முதல் 50 சதவீதம், ஒரே முறையாகவோ இரண்டாகப் பிரித்தோ. பெரிய டிரம்மில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து, ஏர் ஸ்டோனும் ஹீட்டரும் போட்டு வைத்துவிடுங்கள். குளோரின் காற்றில் போய்விடும், குளோரமைன் போகாது, எனவே கண்டிஷனரும் சேருங்கள். ஒரு நாள் காற்றோட்டத்துக்குப் பிறகு தெரியும் பி.எச்.தான் அந்தத் தண்ணீரின் உண்மையான பி.எச்., குழாயில் பிடித்த நிமிடம் அளந்தால் ஏமாந்துபோவோம். சூடு தொட்டியோடு ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்கட்டும். தண்ணீரை இறக்கும் முன் தொட்டி ஹீட்டரை அணைக்க மறக்காதீர்கள், காற்றில் எரிந்தால் கண்ணாடி வெடிக்கும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரில் பிழிந்தால் போதும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் உங்கள் அட்டவணை சரியாக இருக்கிறது.

கூட இருக்கும் மீன்கள்

28 டிகிரிக்கு மேல் நிம்மதியாக வாழும் மீன்கள் கொஞ்சம்தான். கார்டினல் டெட்ரா கூட்டம், ஸ்டெர்பா கோரிடோரஸ், இரண்டும் நன்றாகப் பொருந்தும். ஆல்டம் பெரிதானால் சின்ன டெட்ராவை விழுங்கிவிடும். சில சக்கர் மீன்கள் இரவில் டிஸ்கஸின் உடம்புக் கோழையைச் சப்பும் பழக்கம் உள்ளவை, காலையில் வட்ட வட்டமாகக் காயம் தெரியும். நான் சேர்ப்பதில்லை.

உடம்பு சரியில்லை என்றால்

தினமும் தீனி போடும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். யார் கடைசியாக வந்தது, யார் கறுத்திருக்கிறது, யார் துடுப்பை ஒடுக்கியிருக்கிறது. எந்த டெஸ்ட் கிட்டும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. ஏதாவது மாறியிருந்தால் மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். பாதிக்கு மேல் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

தின்னாமல், கறுத்து, வெள்ளை நூல் போலக் கழித்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். தலையில் ஊசி குத்தியது போலக் குழிகள் விழுவதற்கும் இந்த வகை ஒட்டுண்ணி, கெட்ட தண்ணீர், சத்துக்குறை எல்லாம் சேர்ந்து காரணம் ஆகின்றன. மெட்ரோனிடசோல்தான் வழக்கமான மருந்து. மீன் இன்னும் தின்கிறது என்றால் தீனியில் கலந்து கொடுப்பதே பலன் தரும். ஒரு செவுளில் மூச்சு, உடம்பைக் கட்டையில் தேய்ப்பது, இவற்றுக்கு பிராசிகுவாண்டெல். செவுள்புழுவின் முட்டையை அது கொல்லாது, எனவே இடைவெளி விட்டு மறுபடியும் போட வேண்டும். அளவை மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து நாட்களில் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிட்டு, காற்றைக் கூட்டி வையுங்கள். இரண்டு மருந்தை ஒன்றாகக் கொட்டாதீர்கள்.

ஜோடி சேர்ந்தால்

ஆறில் இரண்டு ஒரு மூலையைப் பிடித்து, நெட்டாக நிற்கும் ஏதோவொரு பரப்பை வாயால் தேய்க்கத் தொடங்கினால் ஜோடி சேர்ந்துவிட்டது. தனித் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட ஒரு மண்கூம்பு வைத்துவிடுங்கள். இரண்டரை நாளில் பொரிக்கும், இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும். அதன் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் நான் இந்த மீன்களை வளர்க்கிறேன். பெற்றோர் கறுக்கும், குஞ்சுகள் அந்தக் கறுத்த உடம்பில் போய் ஒட்டிக்கொண்டு, தோலில் ஊறும் கோழையைத் தின்னும். தாய் களைத்தால் உடம்பை ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். அத்தனை குஞ்சுகளும் உதிர்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் தந்தையின் உடம்புக்குத் தாவிவிடும். ஊவாருவும் இப்படித்தான் வளர்க்கும்.

முதல் ஜோடி முட்டையை ஒன்றிரண்டு முறை தின்றுவிடலாம், பிரிக்காதீர்கள், பெரும்பாலும் மூன்றாவது நான்காவது முறை கற்றுக்கொள்ளும். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிடாமல் இருக்கும். ஒட்டி நான்கைந்து நாள் ஆனதும் புதிதாகப் பொரித்த உப்புநீர் இறால் குஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்கிறது என்று அர்த்தம். மூன்றாவது வாரத்தில் பெற்றோர் தாமாகவே விலகி நீந்தத் தொடங்கும். அப்போது, அதே தொட்டித் தண்ணீரை நிரப்பிய வேறு தொட்டிக்குப் பெற்றோரை மாற்றுங்கள். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.